‘ஆர்க்கிடைப்’ என்பதற்கு ‘முதலச்சு’: ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் நாட்டார் கதைச் சொல்லடைவில் ‘ஆர்க்கிடைப்’ (archetype: கதைகளிலும் கனவுகளிலும் திரும்பத் திரும்ப வரும் உருக்களுக்கு அடியில் இருக்கும் மூல வார்ப்பு) மட்டும் மூன்று வாரமாக முடிவாகாமல் நிற்கிறது. தொல்படிமம், ஆழ்படிமம், மூலப்படிவம், ஆதிப்படிமம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. புழக்கத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். புழக்கத்துக்குள்ள பலத்தை நானும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு சொல்லில் என் மனம் ஒப்பவில்லை.

சிக்கல் ‘படிமம்’ என்பதில் இருக்கிறது. படிமம் என்றால் கண்ணாலோ மனக்கண்ணாலோ பார்க்கக்கூடிய ஒன்று. சிலையைப் படிமம் என்கிறோம், கவிதையில் வரும் காட்சியைப் படிமம் என்கிறோம். உளவியலாளர் யுங் 1919இல் ஆர்க்கிடைப் என்ற சொல்லை எடுத்தாண்டார். பிறகு அவரே ஒரு வேறுபாட்டை வலியுறுத்தத் தொடங்கினார். கனவிலும் கதையிலும் நாம் பார்ப்பதெல்லாம் அதன் தோற்றங்கள். அதற்கென்று உருவம் கிடையாது. இதற்கு அவர் சொன்ன உவமை படிகம். கரைசலில் படிகம் விளையும்போது அதன் வடிவத்தை அச்சுகளின் அமைப்பு முன்கூட்டியே தீர்மானிக்கிறது. ஆனால் கரைசலுக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே அச்சு எதுவும் தெரியாது. தெரியாத இதற்குப் போய்ப் ‘படிமம்’ என்று பெயர் வைத்தால், தெரிகிற தோற்றத்துக்கு என்ன பெயர் வைப்பது? இந்த இடத்தில்தான் நம் மொழிபெயர்ப்புகள் தடுமாறுகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, அப்புறம் அடிக்குறிப்பில் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் ‘ஆர்க்கே’ என்பது தொடக்கம், முதல். ‘டைபோஸ்’ என்பது அடித்ததால் விழுந்த தடம், அச்சு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிப் பட்டறையில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டாம் பாதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொலுசில் வைக்கும் சின்னப் பூவுக்கு ஒரு இரும்புக் கட்டை உண்டு. வெள்ளித் தகட்டைக் கட்டையின் மேல் பரப்பி, அதன்மேல் ஈயத்துண்டு வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. தகட்டைத் திருப்பினால் ஐந்து இதழும் மேடாக எழுந்து நிற்கும். ஆனால் கட்டையில் பூ இருக்காது. பூ வரவேண்டிய பள்ளம்தான் இருக்கும். சிறுவனாக நான் அந்தப் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரே கட்டையில் அடித்த பூக்களும் ராவி, மெருகேற்றி, கோத்த பிறகு ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

அதனால் என் முன்மொழிவு ‘முதலச்சு’. முதல் + அச்சு. தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பொருளைப் பிரிக்கும்போது, நிலமும் பொழுதும் ‘முதல்’ ஆகின்றன. மற்றவை எழுவதற்கான களம் அது. வெறும் ‘முதலாவது’ என்பதைவிட ஆழமான அந்தப் பொருள் நமக்கு உதவும். அச்சு என்பதற்கோ தமிழில் இரண்டு பொருள் ஒன்றாகவே இருக்கின்றன. வார்க்கும், அடிக்கும் அச்சு ஒன்று. தேர் அச்சு, கணக்கில் வரும் எக்ஸ் அச்சு என்பது இன்னொன்று. யுங்கின் படிக அச்சும் கிரேக்கத்து அடி அச்சும் நம் ஒரே சொல்லில் வந்து உட்கார்கின்றன. இதைக் கவனித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

படிமத்தை நாம் இழக்கவும் வேண்டாம். முதலச்சு கண்ணுக்குத் தெரியாதது. அதிலிருந்து விழுந்து கதையில் தெரிவது ‘முதலச்சுப் படிமம்’.

நம் பக்கத்து நடுகல்லில் வைத்துப் பாருங்கள். சேலம், தர்மபுரி வட்டாரத்தில் வயலோரத்திலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. கையில் வில் அல்லது வாள், உடம்பில் தைத்த அம்பு, பல கற்களில் காலடியில் மாடு. வட்டெழுத்துள்ள கற்களில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்தத் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்டு, எந்த ஊரான், யாருடைய மகன் பட்டான் என்று வெட்டியிருப்பார்கள். கல்லை நட்டவர்களுக்கு அவன் ஒரு தனி மனிதன். பின்னால் வந்தவர்களுக்கு எழுத்து புரியவில்லை, பெயர் மறந்துபோனது. இன்று அவற்றில் பலவற்றுக்கு ஒரே பெயர்: வேடியப்பன். எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, பொங்கல் வைக்கிறார்கள். தனி மனிதனின் பெயர் தேய்ந்து, அவன் எந்த அச்சில் விழுந்தானோ அந்த அச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைச் சொல்ல ‘தொல்படிமம்’ போதாது. படிமம் அந்தக் கல். வேடியப்பன் என்ற பெயருக்குப் பின்னால் இருந்து வேலை செய்வது முதலச்சு.

அடுத்து ‘ஹீரோ’. வீரன் என்று எழுதினால் சண்டைக்காரர்கள் மட்டும் உள்ளே வருவார்கள். அண்ணன்மார் கதையில் சங்கர் வருவார், பொறுமைசாலியான பொன்னர் வெளியே நிற்பார். தலைவன் என்றால் அகத்திணை குறுக்கே வரும். ‘நாயக முதலச்சு’ என்று பெயரடையாக வைத்தால் கண்ணகியும் திரௌபதியும் தடையில்லாமல் உள்ளே வரலாம். ‘டிரிக்ஸ்டர்’ என்பதற்கு எத்தன் போதும். வருகையை அறிவிக்கும் ‘ஹெரால்ட்’ என்பதற்குக் கூத்தின் கட்டியங்காரனைத் தவிர வேறு யாரும் வேண்டாம்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

* * *

பதில்களுக்கு நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> முதலச்சு என்றால் முதற்பதிப்பு என்று படிப்பார்களே?

தனித்துப் பார்த்தால் அந்த ஐயம் நியாயம்தான். சொற்றொடரில் வைத்துப் பாருங்கள் ஐயா: “கர்ணனின் பிறப்புக் கதை ஒரு பழைய முதலச்சில் விழுந்தது.” இங்கே அச்சகத்து நினைவு வரவில்லை. சேர்த்து எழுதுவதைக் கட்டாயமாக்கினால் போதும். பதிப்பகங்களும் பெரும்பாலும் முதற்பதிப்பு என்றுதான் போடுகின்றன.

கர்ணனை வேண்டுமென்றேதான் எடுத்தேன். 1909இல் உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ராங்க் நாயகர்களின் பிறப்புக் கதைகளை ஒப்பிட்டபோது சார்கோன், மோசே, ஈடிபஸ் இவர்களோடு கர்ணனையும் சேர்த்தார். ஆற்றில் விடப்படும் குழந்தை, எளியவர் வீட்டில் வளர்வது, பின்னால் பிறப்பு வெளிப்படுவது. நம் ஊர்க் கூத்தில் கர்ணன் சாகும் இரவில் பாட்டிமார் அழுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த அச்சு எவ்வளவு ஆழத்தில் அடிக்கிறது என்று தெரியும்.

> கேம்ப்பெல் சொன்ன நாயகப் பயணமும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றாக வைக்க வேண்டாம் தம்பி. 1949இல் தொன்ம ஆய்வாளர் கேம்ப்பெல் சொன்னது பிரிவு, சோதனை, மீட்சி என்ற கதையோட்டம். அது வழி, முதலச்சு ஆள். அதைவிட முக்கியமானது, நம் நாட்டார் நாயகர்கள் பலர் மீள்வதில்லை. பொன்னரும் சங்கரும் வீரப்பூர்க் காட்டில் சாகிறார்கள். காத்தவராயன் கழுவேறுகிறான். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். செத்த பிறகுதான் இவர்கள் சாமியாகிறார்கள். ஊருக்கு அவர்கள் திரும்பி வருவது மனிதனாக இல்லை, கல்லாகவும் கோயிலாகவும். ‘மீட்சி’ என்ற கட்டத்தை இந்தக் கதைகளில் திணித்தால் அவற்றின் வலியே போய்விடும். ‘பட்டுத் தெய்வமாதல்’ என்று தனிப்பதிவு வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ருஷ்ய ஆய்வாளர் பிராப் (1928) நாட்டார் கதைகளில் வகுத்த 31 செயல்கள் வேறு பதிவு. அதற்கு ‘கதைவினை’ என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம், அங்கேயே இருக்கட்டும்.

> எங்கள் மலையில் மூன்று அண்ணன் தம்பி கதை உண்டு. அது முதலச்சா, ஊர் ஊராகப் போன கதையா?

ஏற்காட்டு ஆசிரியை அக்கா கேட்ட இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் வழியில் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறியதாகச் சொல்கிறார்கள். கீழே சமவெளியில் பொன்னரைப் பெரியண்ணசாமி என்றும் சங்கரைச் சின்னண்ணசாமி என்றும் கும்பிடுகிறோம். பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரே முதலச்சு என்று சொல்லிவிட முடியாது. மூத்தவன், இளையவன் என்பது எந்த வீட்டிலும் இருக்கும் பெயர். வாய்வழியாகப் பரவியது என்றால் அதைப் ‘பரவுகதை’ என்ற பதிவில் சேர்க்க வேண்டும். தொடர்பே இல்லாமல் இரண்டு இடத்திலும் தானாக எழுந்தது என்றால்தான் முதலச்சு என்று பேச முடியும். சொல்லடைவில் இந்த வேறுபாட்டை ஒரு வரியாவது எழுதியாக வேண்டும்.

அக்கா, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குகைக் கோயிலில் கூட்டம் கூடும்போது, பெரியவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள்: அந்த மூன்று பேரும் எப்படிச் செத்தார்கள் என்று கதையில் வருகிறதா?