கயித்தை இழுத்தா முன்னங்காலைத் தூக்குது, ஒன்றரை வயசுக் குதிரைக்குட்டி

பவானிக்கரை:
அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில வாங்கின கத்தியவார் ரகப் பெட்டைக் குதிரைக்குட்டிங்க. லாயத்துக்குள்ள சாது, வெளிய கூட்டிட்டுப் போக கயித்தை இழுத்தா தலையைத் தூக்கி பின்னாலயே போயி முன்னங்கால் ரெண்டையும் தூக்கிருது. நேத்து கயிறு கையில சுத்தியிருந்துச்சு, உள்ளங்கை உரிஞ்சு போச்சு. கடிவாளம் போட்டு ஆளை ஏத்தினா ரெண்டே நாள்ல அடங்கிரும்ங்கறாங்க, எனக்கு மனசு வரல. என்ன பண்ணலாம்?

சேணம்79:
தம்பி, ஆளை ஏத்தவே ஏத்தாதீங்க. முன்னங்கால் முட்டிக்கு மேல எலும்பு வளர்ற இடம் மூடவே ரெண்டு, ரெண்டரை வயசாகும், முதுகெலும்புக்கு அஞ்சு வயசுக்கு மேலயும் ஆகும். கயித்தைக் கையில சுத்தாம மடிச்சுப் பிடிங்க, சுத்தினா விரலே போயிரும்.
நீங்க இழுக்க இழுக்க காதுக்குப் பின்னாடி வார் அழுத்தும், அது இன்னும் பின்னால போகும். முன்னாடி நிக்காம தோள்பட்டை பக்கம் நின்னு கயித்தை லேசா டைட்டா வச்சுட்டு அப்படியே காத்திருங்க, அரை அடி வச்சாலும் அந்த நொடியே லூஸ் விடணும். லேட்டா விட்டா எதுக்கு விட்டீங்கன்னே அதுக்குப் புரியாது. நகரவே இல்லைன்னா நேரா இழுக்காம பக்கவாட்டுல லேசா இழுங்க. பத்து நிமிஷம் போதும்.

லாயத்து அக்கா:
அதோட பின்னங்காலை ஒதுங்கப் பழக்குங்க. தலையைக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்பி, விலாவுக்குப் பின்னாடி விரலால அழுத்துங்க, உங்க பக்கத்துப் பின்னங்கால் மத்ததுக்குக் குறுக்க போனதும் கையை எடுத்துருங்க. ரெண்டு பக்கமும் செய்யணும். கால் குறுக்க போகையில அதுக்கு முன்னங்காலைத் தூக்கறது கஷ்டம். அப்படியும் தூக்கிட்டா கயித்தைக் கீழ இழுக்காதீங்க, மல்லாந்து விழுந்துரும், கொஞ்சம் விட்டுக்கொடுத்து பக்கவாட்டுல விலகுங்க.

பவானிக்கரை:
நன்றிங்க. லாங் கயித்துல வட்டம் சுத்த விடலாங்களா?

சேணம்79:
இப்போ வேண்டாம். சின்ன வட்டத்துல சுத்தினா கால் மூட்டு கெட்டுப்போயிரும். பின்னால பழக்கினாலும் 20 மீட்டர் அகலத்துல, நடையில, ரெண்டு மூணு சுத்தோட நிறுத்திருங்க.

பவானிக்கரை:
ஒம்போது நாளாச்சு. மொத நாள் குட்டி நாலு அடிதான் நடந்து வந்தா, அதுக்கே இருபது நிமிஷம். நேத்து கயிறு தொங்க தொங்க கேட் வரைக்கும் வந்துட்டு, அமைதியா நின்னு உதட்டை நக்கிட்டு தலையைத் தொங்கப்போட்டா. கேட்டுக்கு வெளிய டிராக்டர் சத்தம் கேட்டா இன்னும் உடம்பு விறைக்குது, இன்னிக்கு டிராக்டரைத் தூரமா நிறுத்தச் சொல்லியிருக்கேன்.