கதிர் அறுக்குற மெஷின் டெல்டாவுக்கு நல்லது செஞ்சுச்சா, கெடுதல் செஞ்சுச்சா?

வெண்ணாற்றங்கரை:
நேத்து வேற ஒரு இழையில ஒரு தம்பி, "டெல்டாவைக் கெடுத்ததே அறுவடை மெஷின்தான், தடை பண்ணா கிராமம் பொழைச்சுக்கும்"னு எழுதிருந்தாரு. அங்க பதில் போட்டா பேச்சு வேற எங்கயோ போயிடும், அதான் தனியா ஆரம்பிக்கிறேன். எனக்கு நீடாமங்கலம் பக்கம் அஞ்சு ஏக்கர். 2023 பிப்ரவரி மொத வாரத்துல பேஞ்ச மழை ஞாபகம் இருக்கா? சம்பா முத்தி அறுப்புக்கு நிக்குது, பாய் விரிச்ச மாதிரி அப்படியே சாஞ்சிருச்சு, கதிரு தண்ணிக்குள்ள கெடந்து மொளைக்க ஆரம்பிச்சிருச்சு. ஆளுக்கு அலைஞ்சேன், தெருத் தெருவா போனேன், வர்றேன்னு சொன்னது பன்னெண்டு பேரு, அதுல பாதி அறுவது வயசு தாண்டுன பொம்பளைங்க. சேத்துலயும் போற பெல்ட் வச்ச அறுவடை வண்டி வந்து எறங்கலைன்னா சொசைட்டி கடனை நான் எதை வச்சுக் கட்டிருப்பேன்? சாஞ்ச பயிருங்கறதால ஏக்கருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல புடிச்சுது, வாடகை எகிறிப்போச்சு, இருந்தாலும் பாதியாவது வீடு வந்துச்சு. தடை பண்ணச் சொல்றவங்க அன்னைக்கு என்கூட வரப்புல நின்னிருக்கணும்.

கதிர்க்கட்டு:
அண்ணே, அந்த நெல்லு வீடு வந்ததுல எனக்கும் நிம்மதிதான், மழையில நெல்லு கெடந்தா யாருக்கும் வயிறு எரியும். ஆனா வரப்புல நின்னவங்க நீங்க மட்டும் இல்ல. எங்கம்மா முப்பது வருஷம் அறுப்புக்குப் போனவங்க, எடது கை சுண்டுவிரல்ல நுனி கிடையாது, கருக்கருவா எடுத்துட்டுப் போயிருச்சு, அன்னைக்கே துணியச் சுத்திக்கிட்டு மறுபடி எறங்குனாங்களாம். தை பொறந்தா ஒண்ணரை மாசம் அறுப்பு இருக்கும், கூலி நெல்லா வரும், அதுல எங்க வீட்டுக்கு ஆடி வரைக்கும் சோறு. நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அறுத்த வயல்ல கதிர் பொறுக்குவோம், எலி வளையைத் தோண்டிக்கூட எடுப்போம். நான் எட்டாவது படிக்கையில ஊருக்குள்ள மெஷின் வந்துச்சு, ரெண்டே வருஷத்துல எல்லாம் போச்சு. உங்களுக்கு மிச்சமான கூலி எங்க அடுப்புலேர்ந்து போனது, அதை யாரும் கணக்குல சேக்க மாட்டேங்குறாங்க.

வெண்ணாற்றங்கரை:
தங்கச்சி, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடியிற அந்த வேலைக்கு உங்கம்மா உங்களை அனுப்ப நெனைச்சிருப்பாங்களா? எங்க ஊர்ல புள்ளைங்க எல்லாம் படிச்சு திருப்பூர், சென்னைன்னு போயிடுச்சு. 2006ல நூறு நாள் வேலை மொத கட்டத்துலயே நாகப்பட்டினத்துக்கு வந்துருச்சு, 2011லேர்ந்து ரேஷன்ல அரிசி இலவசம். ஆளு போன எடத்துலதான் மெஷின் வந்து நின்னுச்சு.

கதிர்க்கட்டு:
அனுப்பிருக்க மாட்டாங்கதான். அறுப்பு சொகமான வேலைன்னு நான் எங்கயும் சொல்லலையே. ஆனா ஆளு போனதுக்கு அப்புறம் மெஷின் வந்துச்சுன்னு சொல்றது முழு உண்மை இல்ல அண்ணே, எங்க தெருவுல முப்பது பொம்பளைங்க அருவாளோட தயாரா இருந்தப்பவே வண்டி வயல்ல எறங்குச்சு, நான் கண்ணால பாத்தேன். அதுக்கு அப்புறம்தான் ஒவ்வொருத்தரா பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுனாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. கீழவெண்மணியில 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்களே, அது கூலி கூட்டிக் கேட்ட போராட்டத்துல வந்தது. அதுக்குப் பெறகுதான் கூலிப் பிரச்சனையை விசாரிக்க கணபதியா பிள்ளை கமிஷன் போட்டாங்க, 1969ல நியாயக் கூலி சட்டம் வந்துச்சு. அம்புட்டு உசுரு குடுத்து எங்க சனத்துக்குக் கெடைச்ச பலம் என்ன தெரியுமா? முத்துன நெல்லு நிக்கிறப்ப "கூலி பத்தாது, நாளைக்கு எறங்க மாட்டோம்"னு சொன்னா, மிராசுதாரு தெருவுக்கே வந்து பேசியாகணும். மெஷின் வந்தப்புறம் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லாம போச்சு. நெல்லு போனதை விட எங்கம்மாவுக்கு இதுதான் பெரிய வருத்தம்.

ஆத்தூர் பெல்ட் வண்டி:
அக்கா நான் வண்டி ஓட்டுறவனுங்க, நாலு வருசமா தைக்கு டெல்டா வந்துட்டுப் போறேன், அது முடிஞ்சா நேரா கேரளாவுல குட்டநாடு. எங்களை ஏதோ கொள்ளையடிக்க வந்த மாதிரி பேசாதீங்க. வண்டி 25 லட்சத்துக்கு மேலங்க, மாசம் பொறந்தா டியூ கட்டணும், உள்ளூர் ஏஜென்ட்டுக்கு மணிக்கு இவ்ளோன்னு கமிசன், டீசல், பெல்ட் தேஞ்சா தனி செலவு, இதெல்லாம் ஓனர் பாடு. எனக்கு தினப் படி மட்டும்தான், ராத்திரி தூக்கம் வண்டிக்கு அடியில தார்ப்பாய் விரிச்சு. எங்கப்பாவும் கூலிக்காரருதான், வாழப்பாடி பக்கம் மரவள்ளிக் கெழங்கு புடுங்குற வேலை. எங்கம்மா சோறும் இந்த வண்டியிலதான் வருது. தொழில்நுட்பம் வேலையை அழிக்குதுன்னு சொல்றீங்க, எனக்குக் குடுத்துச்சே.

கதிர்க்கட்டு:
தம்பி, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. முப்பது பேரு வேலை போச்சு, ஒருத்தருக்கு வேலை வந்துச்சு, அந்த ஒருத்தரும் வண்டிக்கு அடியில படுக்குறாரு. நான் சொல்ல வர்றதும் இதைத்தான்.

ஓய்வுபெற்ற உதவி வேளாண்:
முப்பத்திரண்டு வருஷம் வேளாண் துறை வேலையில வயல்ல நடந்தவன்ங்கற உரிமையில ஒரு விஷயம் சொல்றேன், ரெண்டு பேரும் இதைத் தொடவே இல்ல. சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போது, நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்போம். உழவு கெடையாது, தண்ணி கெடையாது, மண்ணுல மிச்சம் இருக்குற ஈரத்துலயும் பனியிலயும் வெளைஞ்சு எழுவது நாள்ல கையில காசு. கையறுப்புல ஆளுங்க தாளை ஒட்ட அறுத்துட்டுப் போவாங்க, கீழ ரெண்டு இலை விட்டு நிக்கிற உளுந்து வெயிலைப் பாக்கும். மெஷின் எறங்குனா பெல்ட்டு போன தடத்துல செடி நசுங்கிரும், பின்னால வரிசையா கொட்டுற வைக்கோல் மத்ததை மூடிரும். மெஷினுக்காக வயலை முன்கூட்டியே காய விடுறதால தெளிக்கிற ஈரமும் தப்பிப்போகுது. இது ஒரு பயிரே கைவிட்டுப் போற விஷயம். செலவு இல்லாம வந்துக்கிட்டிருந்த வருமானம் அது. மெஷினால மிச்சம் பாத்தோம்னு சொல்றவங்க இந்த உளுந்தையும் கழிச்சுட்டு கணக்குப் போடணும்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா சொல்றது உண்மை, நானே நாலு வருஷமா உளுந்து தெளிக்கல. வைக்கோலும் அப்படித்தான், மெஷின் வைக்கோல் நொறுங்கி வருது, எங்க பசு முகர்ந்து பாத்துட்டு தள்ளிப் போயிடுது. கட்டு கட்டுற மெஷினை விட்டு உருட்டி வெளியூர் லாரிக்கு குடுத்துடுறோம்.

கொள்முதல் நிலையத்துலயும் இதே பாடுதான். கையறுப்புல அறுத்த கதிரு ரெண்டு நாள் வயல்லயே காஞ்சுதான் களத்துக்கு வரும். மெஷின் நெல்லு பச்சையா நேரா மூட்டைக்கு வருது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு விதி, பாதி ஊரு ஒரே வாரத்துல அறுத்துட்டு தார்ரோட்டுல நெல்லைக் கொட்டிக் காயவச்சு ராத்திரி காவல் கெடக்குறோம். போன தடவை பதினோரு நாள் கெடந்தேன். அறுக்குறதுக்கு மெஷின் வந்துச்சு, காயவைக்கிறதுக்கு ஊருக்கு ஒரு உலர்களமோ டிரையரோ வரல. அந்தக் கோவம் எனக்கும் உண்டு. ஆனாலும் மெஷினை விட முடியாது ஐயா, மேட்டூர் ஜூன் 12க்குத் தொறந்தா குறுவை அறுப்பு ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிஞ்சாகணும், ஆளை வச்சு முடியிற காரியமா?

கதிர்க்கட்டு:
விட வேணாம் அண்ணே, நானும் விடச் சொல்லல. அரசாங்கம் மெஷினுக்கு மானியம் குடுக்குதுல்ல? அதை ஏன் அறுப்பு வேலை இழந்த பொம்பளைங்களோட சுய உதவிக் குழு பேர்ல குடுக்கக் கூடாது? தெருவுக்கு ஒரு வண்டி, வாடகை அந்தத் தெருவுக்கு. நீங்க குடுக்குற காசு ஏஜென்ட்டுக்கும் ஃபைனான்ஸுக்கும் போகாம எங்க பக்கமே சுத்தும், இந்தத் தம்பியே வந்து ஓட்டட்டும், படுக்க எடம் நாங்க குடுக்குறோம்.

ஆத்தூர் பெல்ட் வண்டி:
அப்படி ஒண்ணு வந்தா நான் வந்து நின்னு பழக்கி விடுறேன் அக்கா. மூணு மாசம் போதும், பொம்பளைங்க ஓட்ட முடியாத வண்டி இல்லீங்க இது.

ஓய்வுபெற்ற உதவி வேளாண்:
குழுவுக்கு வண்டி குடுத்தா மட்டும் பத்தாது, ரிப்பேருக்கு யாருங்கறது முக்கியம். பெல்ட்டு அறுந்து அறுப்பு நேரத்துல நாலு நாள் நின்னா அந்தக் குழு கடன்ல மூழ்கிரும். ஆனா யோசனை நல்ல யோசனை, எழுதிக் குடுங்க, மனு போட நான் கூட வர்றேன்.

வெண்ணாற்றங்கரை:
மனு போடுங்க, நானும் கையெழுத்து போடுறேன். அதுக்கு முன்னாடி என் கைக்கு எட்டுனதைச் சொல்றேன். வர்ற தைக்கு ஒரு மா (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) மட்டும் கையறுப்பு விடப்போறேன், விதை நெல்லுக்கும் மாட்டுக்கு வைக்கோலுக்கும். அதுல உளுந்தும் தெளிக்கிறேன் ஐயா. தங்கச்சி, உங்க ஊரு என் வயலுக்கு ரொம்ப தூரம் இல்லன்னா உங்கம்மாவை விசாரிச்சு சொல்லுங்க, பழைய கையி நாலு பேரு வேணும்.

கதிர்க்கட்டு:
கேட்டேன் அண்ணே. "கூலி காசா, நெல்லா?"ன்னு கேக்குறாங்க.

வெண்ணாற்றங்கரை:
நெல்லாவே தர்றேன்னு சொல்லுங்க. அளவு அவங்க சொல்லட்டும்.