டர்பனிலிருந்து அண்டர்பர்க்: கார் இல்லாமல் போய்வர வழி உண்டா?

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறேன், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். டிசம்பர் மூன்றாம் வாரம் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் அண்டர்பர்க் பக்கம் மூன்று இரவு தங்க அறை போட்டாயிற்று. போய்ச் சேரும் வழிதான் அமையவில்லை.

ரயில் அங்கே போவதில்லை. நேரடி பஸ் தேடினேன், கிடைக்கவில்லை. ஆப் டாக்சிக்காரர்கள் இருவர் தூரத்தைக் கேட்டதும் ரத்து செய்துவிட்டார்கள். போன சனிக்கிழமை மினிபஸ் டாக்சியில் (ஆள் நிரம்பியதும் கிளம்பும் பகிர்வு வேன்) தனியாகப் போய்ப் பார்த்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை சுகம். பின்சீட்டிலிருந்து காசு கைமாறி முன்னால் போய், சில்லறையும் அதே வழியில் சரியாகத் திரும்பி வந்தது! அங்கே மாறியபின் வண்டி நிரம்பவே இரண்டு மணி நேரம். மடியில் பையோடு உட்கார்ந்தே என் முட்டி போய்விட்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டிவலி, இரண்டு பெரிய பெட்டி வேறு.

தங்குமிடம் ஊரிலிருந்து தள்ளி, ஹைம்வில் என்ற பக்கத்துச் சிற்றூரையும் தாண்டி இருக்கிறது. நடந்து கடைக்குப் போக முடியாது. சானி பாஸ் என்ற மலைக் கணவாய் ஏறுவதற்கு 4x4 ஜீப் சுற்றுலா உண்டு, அது பிரச்சினை இல்லை. ஆனால் 2,876 மீட்டர் உச்சி பக்கத்து நாடான லெசோத்தோவில் இருப்பதால் விசா சிக்கல். எனவே எல்லை தாண்டும் எண்ணமே இல்லை.

டர்பனிலிருந்து எங்கள் மூவரையும் கூட்டிப்போய், அங்கே மூன்று நாளும் கூடவே இருக்கும் நம்பகமான டிரைவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?