மாதத்துக்கு ஒரு நாள் மனநல முகாம், பாதிப் பேர் திரும்பி வருவதில்லை: எங்கே கோட்டை விடுகிறோம்?

கேள்வி (ஊர்நலம்):
எங்கள் சுகாதார நிலையத்துக்கு மனநல மருத்துவர் மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் பொது மருத்துவர் ஒருவர், நர்ஸ் இருவர், ஊர் ஊராகப் போகும் பணியாளர்கள் நால்வர். முதல் முறை வருபவர்களில் பாதிப் பேரை மறுமாதம் காணோம். முகாமை இரண்டு நாளாக்கச் சொல்லிக் கேட்கலாமா, இருக்கிற ஆட்களை வைத்தே சரிசெய்யலாமா? லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் மருந்து) எடுப்பவர்களும் இருக்கிறார்கள், ரத்தத்தில் அதன் அளவை வெளியே அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

பதில் (மருந்துப்பெட்டி):
முகாமைக் கூட்டுவதற்கு முன் இடைப்பட்ட நாட்களைப் பாருங்கள், ஆட்கள் நழுவுவது அங்கேதான். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். குமட்டலும் படபடப்புமோ முதல் வாரமே வந்துவிடும். பலனுக்கு முன்னால் தொந்தரவு வருவதால் "நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டு, ஏழாம் நாள் ஒரு போன் போடுங்கள். நன்றான பிறகும் 6 மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும் என்பதையும் அன்றே சொல்லுங்கள்.

மாத்திரையை 28 நாளுக்கு எண்ணாமல் 35 நாளுக்கு எண்ணிக் கொடுங்கள். மழையோ அறுவடையோ வந்து ஒரு வாரம் தள்ளிப்போனாலும் மருந்து அறுபடாது. தினம் ஒன்று வீதம் 40 பேருக்கு 1,400 ஆகிறது. இன்னொரு 1,400 கையிருப்பில் இருக்கட்டும். ஒரு முறை "மருந்து இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது கஷ்டம். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஆகாது. ஒரு வாரத்துக்கு மட்டும், அதுவும் வீட்டில் பொறுப்பானவர் கையில். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள்: பெயர், வர வேண்டிய தேதி, வந்த தேதி. மூன்று நாள் தாண்டினால் பணியாளர் வீட்டுக்குப் போகட்டும். பிரஷர், சர்க்கரை பார்க்கப் போகும் சுற்றிலேயே இதையும் சேர்த்துக்கொண்டால் அக்கம்பக்கம் விசாரிக்காது.

பதில் (சமூகநலப்பணி):
மேலே சொன்னதோடு ஒன்று. "மனநலப் பிரிவு" என்ற பலகையைக் கழற்றிவிட்டு, பொது வரிசையிலேயே உட்கார வையுங்கள். பேசும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும்.

கிராமத்தில் யாரும் "மனசு சரியில்லை" என்று வரமாட்டார்கள். தலைவலி, உடம்பு வலி, தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளை அவர்களிடமிருந்தே தொடங்கலாம். மொத்த மதிப்பெண் 27, அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அன்றே தனியாக உட்கார்ந்து பேசியாக வேண்டும். மருந்தும் பேச ஆளும் தயாராகாமல் ஊர் முழுக்கத் தாளை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டுக் கைவிடுவது கொடுமை.

பேச்சு சிகிச்சையைப் பணியாளர்களே தரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' முறை 5 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். நிபுணர் அல்லாதவர்களுக்காகவே எழுதியது. பயிற்சி கொடுத்ததோடு விட்டால் நீர்த்துப்போகும். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், நிபுணர் போனிலாவது பணியாளர்கள் பார்த்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். கூடுதல் முகாம் நாளைவிட மருத்துவரிடம் இந்த ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள்.

கேள்வி (ஊர்நலம்):
நன்றி, நோட்டை நாளையே தொடங்குகிறோம். லித்தியம்?

பதில் (ஆய்வகம்):
கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுங்கள். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் காலை 8 மணிக்கு. காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகுதான். அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும், மருந்தைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார்கள். குழாயையும் பாருங்கள்: பச்சை மூடிக் குழாயில் லித்தியம் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) இருந்தால் அந்த லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும், அது இல்லாத சீரம் குழாயில் எடுங்கள். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது, அது லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். வாந்தி, பேதி, பலமான கை நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல் எது வந்தாலும் அடுத்த மாத்திரை வேண்டாம், முகாம் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே வரச் சொல்லுங்கள்.