திங்கள் இரவு இறுதி ஆட்டம்: பாருக்கு அழைக்கிறார்கள், போகலாமா?

மோரிஸ்வில் தம்பி (ஞாயிறு காலை, ஏப்ரல் 6, 2025)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வட கரோலினாவுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நாளை இரவு கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாரில் பார்க்கப் போகிறோம், நீயும் வா என்று அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் அழைக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. சைவம். கூடைப்பந்தைப் பள்ளி மைதானத்தில் பார்த்ததோடு சரி. பாருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னால் பதறிவிடுவார். தலைவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கேரி அண்ணன் (ஞாயிறு காலை)

தம்பி, தலைவலி என்று சொல்லாதீர்கள். போய் வாருங்கள். நான் 2015-இல் இங்கே வந்தேன். முதல் ஏழு எட்டு மாதங்கள் அலுவலகம், வீடு, சனிக்கிழமை மளிகைக் கடை என்றே ஓடின. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. 2016 ஏப்ரல் 4 இரவுதான் இந்த ஊர் எனக்கு முகம் காட்டியது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பார் என்ற சொல். நமக்கு அதைக் கேட்டதும் டாஸ்மாக்கை ஒட்டிய இருட்டுக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். இங்கே குடியிருப்புப் பகுதியில் உள்ள பார் பெரும்பாலும் பாதி உணவகம். சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள், ஒரு பக்கம் பானம் ஊற்றித் தரும் நீண்ட மேடை, மறுபக்கம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் மேசைகள். இந்த மாநிலத்தில் பார்களுக்குள் புகைபிடிக்க 2010-லிருந்தே தடை. குடிக்காதவரை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. சோடாவில் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கேளுங்கள், மது இல்லாத இஞ்சி ஏல் கேளுங்கள், கோக் கேளுங்கள். கோக் போன்றவற்றைப் பல இடங்களில் காசு வாங்காமலே மீண்டும் நிரப்பித் தருவார்கள். 'ஏன் குடிக்கவில்லை' என்று ஒருவர் கேட்டால் 'பழக்கமில்லை' என்று சொல்லுங்கள், பேச்சு அத்தோடு ஆட்டத்துக்குத் திரும்பிவிடும். அம்மாவிடம் மறைக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். மது விற்கும் இடத்தில் 21 வயதைச் சரிபார்ப்பது அவர்கள் கடமை. இந்த மாநில ஓட்டுநர் உரிமம் இன்னும் வாங்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் உரிமத்தை நம்பிப் போக வேண்டாம்.

கார்டை நீட்டியதும் 'கணக்கைத் திறந்தே வைக்கட்டுமா, முடித்துவிடட்டுமா' என்று கேட்பார்கள். திறந்தே வைத்தால் கேட்பதையெல்லாம் அதில் எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே சீட்டாகத் தருவார்கள், கார்டு அவர்களிடமே இருக்கும். எழுந்து வரும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ் விஷயத்தில் கை சுருங்க வேண்டாம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு இந்த மாநிலத்தில் முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர்தான், மிச்சம் நம் கையிலிருந்து வருவது. நூற்றுக்கு இருபது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சோடாவோடு இரண்டரை மணி நேரம் ஓர் இருக்கையைப் பிடித்திருந்தால் அதற்கும் மேலே கொடுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் கவனம் வேண்டும். நாச்சோஸ் என்ற சோளச் சிப்ஸ் சொன்னால் மேலே ஊற்றும் சில்லி என்ற குழம்பில் மாட்டிறைச்சி இருக்கும், அது வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். உருளைக்கிழங்கு வறுவலைக் கோழி வறுத்த அதே எண்ணெயில்தான் பல இடங்களில் போடுகிறார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பிரெட்செல் என்ற மென்மையான முறுக்கு வடிவ ரொட்டி பெரும்பாலும் தொல்லை இல்லாதது. பிமெண்டோ சீஸ் என்ற மிளகாய் கலந்த சீஸ் இந்தப் பக்கத்துப் பெருமை, சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதில் மயோனைஸ் உண்டு, மயோனைஸில் முட்டை உண்டு.

இனி ஆட்டம். மார்ச் நடுவில் 68 கல்லூரிகளோடு தொடங்கும் போட்டி இது. ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 67 ஆட்டங்கள் முடிந்தால் ஒரே ஒரு கல்லூரி தோற்காமல் நிற்கும். உங்கள் அலுவலகத்தில் மூன்று வாரமாக ஒரு கட்டத்தாளை வைத்துக்கொண்டு பேசியிருப்பார்களே, அதில்தான் யார் யாரை வெல்வார்கள் என்று முன்கூட்டியே நிரப்புவார்கள். அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து வரிசைப்படுத்துவார்கள். அந்த நான்கு பிரிவுகளிலும் முதலிடம் தரப்பட்ட அணிகளே இந்த ஆண்டு கடைசி நான்கில் வந்து நின்றன. 2008-க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை. நேற்று புளோரிடா ஆபர்னை வென்றது, ஹூஸ்டன் டர்ஹமில் உள்ள நம் டியூக் பல்கலையை 70–67 என்று வென்றது. கடைசி நிமிடத்தில் டியூக் ஆறு புள்ளிகள் முன்னிலையில் இருந்து கோட்டைவிட்டது. ஆகவே நாளை பாரில் கருநீலச் சட்டைக்காரர் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால், முதல் அரை மணி நேரம் அவரிடம் நேற்றைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். டியூக்குக்குக் கருநீலம், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கு வெளிர் நீலம், ராலேயில் உள்ள என்.சி. ஸ்டேட்டுக்குச் சிவப்பு. டியூக்குக்கும் சேப்பல் ஹில்லுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத இரவுகள் உண்டு. நீங்கள் வெள்ளையோ சாம்பலோ போட்டுக்கொண்டு போங்கள்.

ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக இரண்டு பாதி. ஆனால் கடிகாரம் அடிக்கடி நிற்கும் என்பதால் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாத இடம் கடைசி இரண்டு நிமிடம். பின்தங்கிய அணி வேண்டுமென்றே எதிராளியைப் பிடித்து இழுத்து ஃபவுல் செய்யும். ஏன் என்றால், எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே முப்பது விநாடியைக் கரைத்துவிடலாம். ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும். எதிராளி தனியாக நின்று கூடையில் எறிய வேண்டும். தவறினால் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் ஏழாவது ஃபவுலிலிருந்து முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறிக்கு அனுமதி. பத்தாவதிலிருந்து இரண்டு எறி உறுதி. ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் அவருக்கு ஆட்டம் முடிந்தது. கிரிக்கெட்டில் கடைசி ஓவருக்கு முன் களத்தை மாற்றி மாற்றி நிறுத்துவார்களே, அந்த நேரத்துப் பதற்றம் இங்கே பதினைந்து நிமிடம் நீளும். இந்த ஒன்று புரிந்தால் போதும். மற்றதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். 'எனக்கு இந்த ஆட்டம் புதிது' என்று சொல்லிப் பாருங்கள், மேசைமேல் உப்பு மிளகுக் குப்பிகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி விளக்குவார்கள்.

2016-க்கு வருகிறேன். சேப்பல் ஹில் அணிக்கும் வில்லனோவாவுக்கும் இறுதி ஆட்டம். நான் உட்கார்ந்திருந்த பார் முழுக்க வெளிர் நீலம். என் இடப்பக்கம் ஒரு பெரியவர், சாயம் போன தொப்பி, எழுபது வயது இருக்கும். 4.7 விநாடி இருக்கும்போது மார்க்கஸ் பெய்ஜ் காற்றில் எழும்பி, தடுக்க வந்தவரைத் தவிர்க்கக் கால்களை மடக்கி, உடல் முறுகியபடியே எறிந்தார். 74–74. அந்தப் பெரியவர் என் தோளை இரண்டு கையாலும் பற்றி உலுக்கினார். யாரோ என் தலையில் பீரைச் சிந்தினார்கள். மறு மூச்சு விடுவதற்குள் வில்லனோவாவின் கிறிஸ் ஜென்கின்ஸ் எறிந்த பந்து விழுந்துவிட்டது. 77–74. கடிகாரம் பூஜ்யம்.

நூறு பேர் இருந்த இடத்தில் ஐஸ் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பெரியவர் தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்து, அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து, 'எந்த ஊர் நீ' என்று கேட்டார். மதுரையைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் பேசினோம். மறு ஆண்டு அதே அணி கொன்சாகாவை 71–65 என்று வென்றபோது அதே இடத்தில் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். பிறகு ஊரோடு ஊராகச் சேப்பல் ஹில்லின் ஃபிராங்க்ளின் தெருவுக்குக் கொண்டாட ஓடினோம்.

நாளை ஆட்டம் 8:50-க்குத் தொடங்கும். ஏழு மணிக்கே போனால்தான் இடம் கிடைக்கும்.

டர்ஹம் அக்கா (ஞாயிறு மதியம்)

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரவில் பார் என்றால் கூச்சமாக இருப்பவர்கள், குழந்தைகள் உள்ளவர்கள் பெண்கள் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு டாம்பாவில் தென் கரோலினாவுக்கும் கனெக்டிகட்டுக்கும் இறுதி ஆட்டம். போன வாரம் எங்கள் டியூக் பெண்களை 54–50 என்று வென்றுதான் தென் கரோலினா முன்னேறியது. அதை என் மகளோடு ஓர் உணவகத்தின் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து மேசைப் பாட்டி அவளுக்குத் தன் காகிதக் கொடியைக் கொடுத்துவிட்டுப் போனார், அது இன்னும் எங்கள் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது. பெண்கள் ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி.

தனியாகப் போகும் தங்கைகளுக்கு: கழிவறைக்குப் போகும்போது கோப்பையை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வந்து புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மோரிஸ்வில் தம்பி (ஞாயிறு மாலை)

நன்றி அண்ணா, நன்றி அக்கா. போவதாகச் சொல்லிவிட்டேன். அறைத் தோழனும் வருகிறான். அவன் குடிப்பான். ஒரு பீர்தானே, காரை ஓட்டிவிடலாம் என்கிறான். கைப்பேசியில் பந்தயம் கட்டலாம் என்றும் சொல்கிறான்.

கேரி அண்ணன் (ஞாயிறு மாலை)

காரை நீங்கள் ஓட்டுங்கள், அல்லது வாடகைக் காரில் போய் வாருங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சட்டப்படி இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம்தான் வரம்பு. நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு ஆபத்து அபராதத்தோடு நிற்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். அடுத்த முறை ஊருக்குப் போனவர் தூதரக வாசலில் நிற்க வேண்டிவரும். என் நண்பர் ஒருவர் தம் தங்கை கல்யாணத்துக்கே போக முடியாமல் இங்கே உட்கார்ந்திருந்தார். உங்கள் தோழனிடம் இதைக் காட்டுங்கள்.

பந்தயம் இந்த மாநிலத்தில் 2024 மார்ச்சிலிருந்து சட்டப்படி சரிதான். ஆனாலும் வேண்டாம். அலுவலகத்தில் ஆளுக்குப் பத்து டாலர் போடும் கட்டத்தாள் வேறு, சட்டைப்பையில் இரவும் பகலும் விழித்திருக்கும் செயலி வேறு.

ஒரு செய்தி மறந்துவிட்டேன். ஹூஸ்டன் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் இந்த மாநிலத்துக்காரர், பெம்புரோக்கில் வளர்ந்த லம்பி பழங்குடியினர். அதனால் அவருக்காகக் கைதட்டுபவர்கள் இருப்பார்கள். ஹூஸ்டன் இதுவரை பட்டம் வென்றதில்லை. 1983-இல் கடைசி நொடியில் அவர்களை 54–52 என்று வீழ்த்தியது நம் என்.சி. ஸ்டேட்தான். சிவப்புச் சட்டை போட்ட முதியவர் யாராவது இருந்தால் அதைக் கேளுங்கள். வென்றவர்கள் ஏணி வைத்து ஏறிக் கூடையின் வலையை வெட்டி எடுப்பார்கள், எழுந்து வந்துவிடாமல் அதையும் பாருங்கள். அந்த வழக்கத்தை 1947-இல் பரப்பியவரும் ஸ்டேட் பயிற்சியாளர் எவரெட் கேஸ்தான்.

மோரிஸ்வில் தம்பி (செவ்வாய் காலை, ஏப்ரல் 8)

போய் வந்தேன் அண்ணா. புளோரிடா 65, ஹூஸ்டன் 63. இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை.

இடம் கிடைத்தது மேடையின் ஓரத்தில். பக்கத்தில் இருந்தவர் நீங்கள் சொன்ன அதே பெம்புரோக் பக்கத்துக்காரர், மரவேலை செய்கிறவர். எனக்கு இந்த ஆட்டம் புதிது என்றதும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஹூஸ்டன் பன்னிரண்டு புள்ளி முன்னிலைக்குப் போனபோது மேடையை ஓங்கித் தட்டினார். புளோரிடாவின் வால்ட்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, பிற்பாதியில் பதினொன்று எடுத்தார்.

கடைசி விநாடிகளில் பந்து ஹூஸ்டன் கையில். ஷார்ப் எறிவதற்காக எழும்பினார், கிளேட்டன் பாய்ந்து வந்தார். எறிந்தால் தடுத்துவிடுவார் என்று ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டார். பந்து அவர் காலடியிலேயே துள்ளிக்கொண்டிருக்கிறது, அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், தொடவில்லை. 'ஏன் எடுக்கவில்லை' என்று கத்திவிட்டேன். அந்தப் பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: பந்தோடு எழும்பி விட்டுவிட்டவர் வேறு யாரும் தொடும் முன் மறுபடி தொட்டால் தவறு. அவர் சொல்லி முடிப்பதற்குள் புளோரிடா ஆள் விழுந்து பந்தை வாரிக்கொண்டார். நேரம் முடிந்தது.

வலை வெட்டுவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. கணக்கை முடித்துவிட்டு, பத்து டாலர் நோட்டைக் கோப்பைக்கு அடியில் வைத்தார். பிறகு என் பெயரை ஒருமுறை சரியாக உச்சரித்துப் பார்த்துக்கொண்டார். நவம்பரில் அடுத்த பருவம் தொடங்கும், செவ்வாய்க்கிழமைகளில் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.