மன்றத்தில் சேர்ந்த இரவு

எங்கள் கல்லூரியில் மொத்தமே 280 பேர். காலையில் ஒருவன் தும்மினால் மாலைக்குள் ஊரே நலம் விசாரித்துவிடும். அங்கே சொற்போர் மன்றம் ஒன்று இருந்தது. சேருவதற்கு விண்ணப்பம் கிடையாது. ஏதோ ஓர் இரவில் விடுதி அறைக் கதவு தட்டப்படும், அவ்வளவுதான்.

என் கதவும் தட்டப்பட்டது. கண்ணைக் கட்டி, மாடிப்படியில் மூன்று முறை ஏற்றி இறக்கினார்கள். ஏதோ கோபுரத்துக்குக் கூட்டிப் போவதாகப் பாவனை. உடைந்திருந்த ஏழாம் படி மூன்று முறையும் காலை இடறியதால் அது எங்கள் விடுதிப் படிதான் என்று தெரிந்துவிட்டது. கட்டை அவிழ்த்தபோது எதிரே மெழுகுவத்தி, தலையோடு போர்வை போர்த்திய பன்னிரண்டு உருவங்கள். குரலை மாற்றித்தான் பேசினார்கள். ஆனால் அன்று மதியம் ஆய்வகத்தில் என் குடுவையை உடைத்த சீனியரின் இருமலை எந்தப் போர்வை மறைக்கும்?

"குடையின் கைப்பிடி ஏன் வளைந்திருக்கிறது? மூன்று நிமிடம் பேசு" என்றார்கள். ஒன்றரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்தது. மிச்ச நேரத்தை, வளைந்து கொடுக்கும் மனிதர்களைப் பற்றி உளறி ஓட்டினேன். பிறகு பழைய பேரேடு ஒன்றில் கையெழுத்து. அதே பேரேட்டில், பல பக்கங்களுக்கு முன்னால், எங்கள் கணிதப் பேராசிரியரின் கையெழுத்தும் இருந்தது. மறுநாள் வகுப்பில் அவர் என்னைப் பார்த்தபடி குடையை ஒருமுறை விரித்து மடக்கினார். அதற்காகவே அந்த இரவை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கெல்லாம் எப்படி?

* * *

உங்களுக்குக் குடை வாய்த்தது, ஐயா. எங்கள் நாடகக் குழுவில் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முழங்காலில் தவழச் சொன்னார்கள். சுற்றி நின்று கைதட்டுவார்கள். என்னோடு வந்தவள் "என்னால் முடியாது" என்றாள். யாரும் திட்டவில்லை. "சரி, போகலாம்" என்று சிரித்தபடி வழிவிட்டார்கள்.

பெரிய கல்லூரியாக இருந்தால் அவள் வேறு கூட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பாள். எங்களுக்கு இருந்ததோ ஒரே கூட்டம். நூலகத்தில் நான்கு மேசைகள். மூன்றில் நாடகக் குழுதான் உட்கார்ந்திருக்கும். நான்காவது மேசையில் அவள் தனியாக மூன்று ஆண்டுகள் படித்தாள். நான் தவழ்ந்தேன்; எனக்கு மேடை கிடைத்தது. அவள் என் அறைத்தோழி. அன்று இரவு என் முழங்காலுக்கு மருந்து தடவியவளும் அவள்தான். எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

* * *

நான் வரலாறு படித்தவன், அதனால் கொஞ்சம் பழங்கதை. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவனை 'மஞ்சள் அலகு' என்பார்கள். அலகு கறுக்காத குஞ்சு என்று பொருள். ஜெர்மன் பகுதிகளில் அவனுக்குக் கொம்பு வைத்த தொப்பியை மாட்டி, பிறகு அந்தக் கொம்பைக் கழற்றி, விலங்கு ஒருவழியாக மனிதனாகிவிட்டது என்று அறிவிப்பார்கள். முடிவில் விருந்து, செலவு 'விலங்கின்' தலையில். பிரான்சில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படி இழிவுபடுத்துவது குற்றம். புதியவர் சம்மதித்தே செய்திருந்தாலும் குற்றம்தான். அந்த ஒரு வரியை எழுதியவருக்கு மேடையில் தவழ்வது என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் இயற்கை ஆர்வலர் மன்றத்துக்கு நான் செயலாளரான ஆண்டு, கண்கட்டைச் சீனியர்களுக்கு மாற்றினேன். புதியவர்கள் பேச வேண்டும், குரலை வைத்துச் சீனியர்கள் பெயர் சொல்ல வேண்டும். விரும்பாதவர் பேரேட்டில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று முதல்நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். "நாங்கள் பட்டதை இவர்கள் படவேண்டாமா?" என்று என் வகுப்பிலேயே பாதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஆண்டு நிகழ்ச்சி சப்பென்றுதான் இருந்தது. எப்போது சிரிப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. மறு ஆண்டு பரவாயில்லை.

அம்மா, அந்த அறைத்தோழியிடம் பிறகு எப்போதாவது இதைப் பற்றிப் பேசினீர்களா?

* * *

பத்து ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்தில் சந்தித்தபோது நான்தான் பேச்சை எடுத்தேன். "முழங்காலில் தழும்பு இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். காட்டச் சொன்னாள்.