ஃபைட்டர் மீனின் வால் ஓரம் கறுத்துக் கிழிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: உறையூர் வாசகி

வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் பிறந்தநாளுக்காக இரண்டு மாதங்களுக்கு முன் நீல நிற ஆண் ஃபைட்டர் மீன் ஒன்றை வாங்கினோம். இது டம்ளர் தண்ணீரில்கூட வாழும், மோட்டார் எதுவும் வேண்டாம் என்று கடையில் சொன்னதால், மூன்று லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கிறோம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கூழாங்கற்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றி, முழுவதையும் மாற்றிவிடுகிறேன். மகன் காலையும் மாலையும் பத்துப் பத்துக் குருணை உணவு போடுகிறான். கிண்ணம் நாங்கள் படுக்கும் ஏசி அறையில் இருக்கிறது.

பத்து நாட்களாக வாலின் ஓரம் தீயில் கருகிய காகிதம்போல் கறுத்து, அங்கங்கே கிழிந்திருக்கிறது. அடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் கீழே போய்விடுகிறது. கடையில் கொடுத்த நீல மருந்தை நான்கு நாட்கள் ஊற்றியும் பலன் இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டும் ஏன் இப்படி ஆனது என்று புரியவில்லை. மகன் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் கிண்ணத்தருகேதான் ஓடுகிறான். தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கொளத்தூர் வளர்ப்பாளர்

அம்மா, நீங்கள் விவரிப்பது வாலழுகலாகத்தான் தெரிகிறது. மருந்தை நிறுத்திவிட்டு முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; மூன்று லிட்டரில் அது ஓரிரு நாளிலேயே மீனை வதைக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது குறைந்த அளவில் இருக்கும்வரை தீங்கு செய்வதில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கற்களிலும் ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் ஒட்டி வாழ்கின்றன, போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் அக்கறையோடு கற்களைத் தேய்த்துக் கழுவும் ஒவ்வொரு முறையும் அவை குளோரின் தண்ணீரோடு போய்விடுகின்றன. அதோடு, வேறு சூட்டில் இருக்கும் குளோரின் கலந்த புதுத் தண்ணீரில் மீனை விடுவதால் அதன் உடல் மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதிர்ச்சிக்கு உள்ளாகிறது.

டம்ளர் தண்ணீர் போதும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது தாய்லாந்தின் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் மீன். அந்நாடு 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. செவுளுக்கு மேலே காற்றிலிருந்து நேரடியாக மூச்சு வாங்கும் தனி உறுப்பு இருப்பதால், பிராணவாயு குறைந்த நீரிலும் பிழைத்துக்கொள்ளும். அது மேலே வந்து காற்றை விழுங்குவது நோயல்ல, இயல்பு. ஆனால் வயல் நீருக்கு ஆழம்தான் குறைவு, பரப்பு குறைவல்ல. காவிரிப் பாசன வயல்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடியாக உள்ள தொட்டி ஒன்றை வாங்கிப் பத்து அங்குலம் வரை நிரப்பினால் சுமார் 23 லிட்டர் நிற்கும். இந்த மீன் துள்ளிக் குதிக்கும் என்பதால், காற்றுப் போக இடைவெளி உள்ள மூடி அவசியம். காற்று மோட்டாரில் இயங்கும் சிறிய ஸ்பான்ஜ் ஃபில்டரைப் பொருத்தி, நீள வால் இழுபடாதபடி காற்றைக் குறைத்து வையுங்கள். முதல் ஐந்தாறு வாரம் தினமும் கால் பங்குத் தண்ணீரையும், பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கையும் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டுகளை விட்டு, சூடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் ஊற்றுங்கள். ஸ்பான்ஜைக் குழாயில் பிடிக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

பதில்: கோவை மீன் ஆர்வலர்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் ஏசியையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். இந்த மீனுக்கு 26 முதல் 28 டிகிரி வரை ஏற்றது. இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் மூன்று லிட்டர் தண்ணீர் வெகு சீக்கிரம் குளிர்ந்து, பகலில் மறுபடியும் சூடேறுகிறது. உங்கள் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது, தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினாலே போதும். எங்கள் ஊர் மார்கழிக்குத்தான் 25 வாட் ஹீட்டர் போட வேண்டியிருக்கிறது. உணவும் மிக அதிகம். இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவுதான் என்று வளர்ப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம். வேளைக்கு மூன்று நான்கு குருணை போட்டு, வாரத்தில் ஒருநாள் பட்டினி விடுங்கள். தின்னாத குருணை அடியில் ஊறி அழுகுவதும் அம்மோனியாதான்.

தானாக உதிர்ந்து பழுப்பேறிய நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம், அதில் ஊறும் துவர்ப்புச் சத்து மீனுக்கு இதமானது. பூச்சிமருந்து அடிக்காத மரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறையூர் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. தொட்டி வாங்கிக் கூடத்தில் வைத்து இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மீன் இப்போது படுத்துக்கிடப்பதில்லை. மகன் பக்கத்தில் போனாலே கண்ணாடியருகே வந்து நிற்கிறது. கறுப்பு மேலும் பரவவில்லை. ஆனால் கிழிந்த ஓரத்தில் நிறமே இல்லாத மெல்லிய சவ்வு ஒன்று தெரிகிறது. பூஞ்சையாக இருக்குமோ என்று அஞ்சி, மறுபடியும் அந்த நீல மருந்தை விடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: கொளத்தூர் வளர்ப்பாளர்

வேண்டாம் அம்மா. பூஞ்சையாக இருந்தால் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் புசுபுசுவென்று தெரியும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் சவ்வு, புதிதாக வளரும் வால். நிறம் சில வாரங்கள் கழித்துத்தான் ஏறும். அந்த நீல மருந்து ஸ்பான்ஜில் இப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் பாக்டீரியாக்களையும் கெடுத்துவிடும் என்பதால், அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தினசரி கால் பங்கை இன்னும் ஒரு மாதம் விடாமல் மாற்றி வாருங்கள்.